இயற்கைப் பிரதேசம் என்னும் அட்டவணை: மத்தியதரைக் கடற் பிரதேசத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

உலகப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியருள் ஒருமுறையேனும் கரும்பலகையில் அந்த அட்டவணையை வரையாதார் இரார். இடப்பக்கத்திலே அமைவிடம், அதனை அடுத்துக் காலநிலை, பின்னர் இயற்கைத் தாவரம், அதன்பின் விளைபொருள், ஈற்றிலே மக்கள் வாழ்க்கை. மத்தியகோட்டுக் காடுகள் முதல் துந்திரா ஈறாக உலகம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு நிரைகளுள் அடங்கிவிடும். மாணாக்கர் அதனைப் பிரதிசெய்து மனனஞ் செய்வர், பரீட்சையில் ஒப்புவிப்பர், ஆசிரியரும் புள்ளி வழங்குவர். யானும் பல்லாண்டுகளாக இத்தொழிலையே செய்துவந்தவன். வெளிவாரிப் பட்டத்துக்கு யான் படித்த காலத்தில், அறுபதுகளில் தமிழாக்கப்பட்ட, அட்டை கழன்ற புவியியல் நூல்கள் சிலவே கைக்கெட்டின. அவை இவ்வட்டவணையை எனக்கு ஊட்டின. யான் அதனை அடுத்த தலைமுறைக்கு ஊட்டினேன். ஆதலின் ஈண்டு எழுதப்படும் கண்டனம் பிறர்மேற் சுமத்துவதன்று. பாதிக்கு மேல் அது என்னையே சாரும்.

அட்டவணையின் நிரல்கள் வெறும் வசதிக்காக அவ்வாறு ஒழுங்குபட்டவை அல்ல. அவ்வொழுங்கே ஒரு வாதம். இடமிருந்து வலமாக வாசிக்கும் கண்ணுக்கு முதல் நிரல் காரணமாகவும் ஈற்று நிரல் காரியமாகவுந் தோன்றும். இன்ன அகலக்கோடு, ஆகவே இன்ன மழை. இன்ன மழை, ஆகவே இன்ன மரம். இன்ன மரம், ஆகவே இன்ன பயிர். இன்ன பயிர், ஆகவே இன்ன மனிதர். முதலிரண்டு படிகளும் உறுதியானவை. மூன்றாவது படியிலே கால் தடுமாறுகின்றது. நான்காவதிலே படியே இல்லை. இதனை நிறுவுதற்கு உலகப் பிரதேசங்கள் அனைத்தையும் ஆராய வேண்டியதில்லை. மாணாக்கர் மிக எளிதென்று கருதி முதலில் விடையெழுதும் பிரதேசம் ஒன்று உண்டு. அதுவே மத்தியதரைக் கடற் பிரதேசம். அதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவன் பத்தாந்தர மாணவன் ஒருவன். மாரியில் மழையும் கோடையில் வரட்சியும், விளைபொருள் ஒலிவம், முந்திரிகை, தோடை, எலுமிச்சை என்று எழுதி முடித்துத் திரும்பினேன். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், எங்கடை வீட்டிலையும் முந்திரிகைப் பந்தல் நிக்குது. மழையும் எங்களுக்கு மாரியிலைதான். அப்ப நாங்களும் மத்தியதரைக் கடற் பிரதேசமோ?" வகுப்பு சிரித்தது. யானுஞ் சிரித்து, "உன் வீட்டில் மாரிகாலத்திலே கம்பளிப் போர்வை வேண்டுமோ?" என்று கேட்டு அவனை இருத்திவிட்டேன். விடை தவறன்று, ஆனால் வினாவுக்கு அது விடையன்று. அன்றிரவு அவ்வினா என்னை விட்டகலவில்லை.

இப்பகுப்பின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே புவியியல் கற்பித்த ஸ்கொத்லாந்தரான ஏ. ஜே. ஹேர்பேட்சன் என்பார் 1905 ஆம் ஆண்டிலே பெரும் இயற்கைப் பிரதேசங்கள் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்னர்ப் பள்ளிப் புவியியல் என்பது நாடுகளின் பெயர், தலைநகரின் பெயர், முனைகளின் பெயர், ஆறுகளின் பெயர் என்னும் பட்டியலாகவே இருந்தது. அரசர் வரைந்த எல்லைகளை ஒதுக்கிவிட்டு, நிலவமைப்பு, காலநிலை, தாவரம் ஆகியவற்றின் ஒற்றுமையால் உலகைப் பகுக்கலாம் என்று அவர் காட்டியமை பெருந்தொண்டாகும். ஒரு கண்டத்தின் மேற்குக் கரையிற் காணப்படுவது வேறொரு கண்டத்தின் மேற்குக் கரையிலும் அதே அகலக்கோட்டில் மீண்டுந் தோன்றும் என்னும் உண்மை, பெயர்ப் பட்டியலை மனனஞ் செய்து சலித்த மாணாக்கனுக்கு எத்துணை மகிழ்ச்சி அளித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனக்கும் அளித்தது. இன்று பாடத்திட்டங்களில் ஹேர்பேட்சனின் பெயர் அருகிவிட்டது. கெப்பெனின் எழுத்துக் குறியீடுகள் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. ஆயின் அட்டவணைப் பழக்கம் மட்டும் அருகியதாகத் தெரியவில்லை.

அட்டவணையின் உறுதியான பகுதியை முதலிற் கூறுவோம். ஏறக்குறைய 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்ட அகலக்கோடுகளில், கண்டங்களின் மேற்குப் புறத்திலே, கோடைக்காலத்தில் உயரமுக்கப் பட்டை முனைவு நோக்கி நகர்ந்து வந்து கவிந்துகொள்ளும். காற்று கீழிறங்கும், முகில் திரளாது, மழை பெய்யாது. மாரியில் அப்பட்டை விலக, மேலைக்காற்றுக்களும் அவற்றோடு வருஞ் சூறாவளிகளும் மழையைத் தரும். வெப்பமும் நீரும் ஒரே பருவத்தில் வாராமையே இக்காலநிலையின் தனித்தன்மை. எங்கள் யாழ்ப்பாணத்து மாரிமழை வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்கக் கடலிற் பிறக்கும் தாழமுக்கங்களோடும் வருவது. பருவம் ஒன்றாயினும் பொறிமுறை வேறு, குளிரும் இல்லை. மாணவனின் வினாவுக்குக் காலநிலையியல் தரும் விடை இது.

மத்தியதரைக் கடலின் கரைகள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாபிரிக்காவின் தென்மேற்கு மூலை, அவுஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி என இக்காலநிலை ஐந்து இடங்களிலே காணப்படுகின்றது. அவுஸ்திரேலியாவின் தென்கரையிலும் அதன் துண்டொன்று உண்டு. இவையனைத்தும் சேர்ந்து உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 2 வீதமே. ஆயின் உலகில் அறியப்பட்ட பூக்குந் தாவர இனங்களுள் ஐந்திலொரு பங்குக்கு அண்மியவை இங்கே உள்ளன. இலைகள் சிறியன, தடித்தன, தோல் போன்றன. கோடையின் வரட்சியைத் தாங்குவன. தெற்கு ஐரோப்பாவில் மாக்கி, கலிபோர்னியாவிற் சப்பரல், சிலியில் மட்டொரல், தென்னாபிரிக்காவிற் பைன்போஸ், அவுஸ்திரேலியாவிற் குவொங்கன் என்று அப்பற்றைக் காடுகளுக்குப் பெயர்கள் வெவ்வேறு. குடும்பத்தால் ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகள் ஒரே வகை இலையைப் பெற்றுள்ளன. காலநிலை உயிரை எவ்வாறு வனைகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று பள்ளிப் புவியியலில் வேறு இல்லை. இதுவரை அட்டவணை வெற்றியே பெறுகின்றது.

இனி விளைபொருள் நிரலைப் பார்ப்போம். ஒலிவமும் முந்திரிகையும் கோதுமையும் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலும் அதன் அயலிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பயிராக்கப்பட்டவை. அவற்றை அந்நிரலில் எழுதுதல் தகும். தோடையும் எலுமிச்சையும் அவ்வாறல்ல. அவற்றின் தாயகம் இமயத்தின் அடிவாரமும் அசாமும் தென்சீனமும் அவற்றைச் சூழ்ந்த நாடுகளும். அதாவது பருவக்காற்று ஆசியா. அட்டவணையிலே வேறொரு நிரையைச் சேர்ந்த பழங்கள் அவை! கடாரங்காய் இனத்ததான ஒரு பழம் கிறித்துவுக்கு முன்னரே மேற்கே சென்றது. கசப்புத் தோடையை அராபியர் ஏறக்குறைய 10 ஆம் நூற்றாண்டளவிற் கொண்டுசென்றனர். இனிப்புத் தோடை 15, 16 ஆம் நூற்றாண்டுகளிலேதான் அங்கு பரவியது. அதனைப் பரப்பியதிற் போர்த்துக்கேயருக்கு இருந்த பங்கினாற் போலும், கிரேக்கரும் துருக்கரும் அராபியரும் இன்றும் அப்பழத்தைப் போர்த்துக்கல் என்னும் பெயரை ஒட்டிய சொற்களாலேயே வழங்குகின்றனர். ஸ்பானியர் வழங்கும் 'நாரஞ்சா' என்னுஞ் சொல்லோ அராபிய, பாரசீக மொழிகள் வழியே வடமொழி 'நாரங்க' என்பதிலிருந்து வந்தது. அவ்வடமொழிச் சொல்லும் திராவிட மூலத்தது என்று சொற்பிறப்பாய்வாளர் பலர் கருதுவர். எங்கள் வீடுகளிற் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் நாரத்தங்காய் அச்சொல்லுக்கு உறவு. ஸ்பானியரின் தோட்டத்துப் பழம் நம்மூர்ச் சொல்லொன்றின் தூரத்து இனத்தான் என்பதை அட்டவணை ஒருபோதுஞ் சொல்லித் தராது.

தக்காளியும் சோளமும் நாகதாளியும் அமெரிக்கக் கண்டத்தன. கொலம்பசின் பயணத்துக்குப் பின்னரே அக்கடற்கரைக்கு வந்தன. தக்காளியின்றி இத்தாலியரின் உணவை இன்று எவரும் எண்ணிப் பார்க்கமாட்டார். ஆயின் உரோமப் பேரரசர் எவரும் தக்காளியைக் கண்டதேயில்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லூசியன் பெவர் இக்கருத்தை முன்னரே எடுத்துக்காட்டியுள்ளார். அவர் கூற்றைப் பாடநூலார் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

காலநிலை ஒரு பயிரை அனுமதிக்கும், அழைத்து வராது. இதற்கு அல்ஜீரியாவைப் போன்ற சான்று வேறில்லை. மத்தியதரைக் கடலின் வடகரையிலும் தென்கரையிலும் முந்திரிகை நன்கு விளையும். 1830 இல் அல்ஜீரியாவுட் புகுந்த பிரெஞ்சுக்காரர் முதலில் அங்கே பெரிய அளவில் மது வடிக்க எண்ணவில்லை. தங்கள் நாட்டு மதுவுக்குப் போட்டி எதற்கு? 1860களின் பின்னர்ப் பிலொக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. உடனே கடலின் தென்கரையிலே முந்திரிகை நடப்பட்டது. 1930களில் ஏறக்குறைய 4 இலட்சம் ஹெக்டேயர் நிலம் அதற்குரியதாயிற்று. பிரான்சுக்குக் கப்பல் கப்பலாக மது சென்றது. உலகிலே மிகுந்த மதுவை ஏற்றுமதி செய்த நாடு என்னும் பெயர், மது விலக்கப்பட்ட மதத்தினர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டுக்குக் கிடைத்தது. நிலம் குடியேற்றவாசிகளுடையது, கொத்தியவர்களும் கொய்தவர்களும் அல்ஜீரியர். 1962 இல் நாடு விடுதலை பெற்றது. பிரான்ஸ் இறக்குமதியைக் குறைத்தது. 1970களிலே கொடிகள் பெருமளவிற் பிடுங்கப்பட்டன. இத்தனைக்கும் இடையே அகலக்கோடு அசையவில்லை. மாரிமழை மாரியிலேயே பெய்தது. 'மத்தியதரைக் கடற் காலநிலை, ஆகவே முந்திரிகை' என்று எழுதும் மாணவன் எந்த ஆண்டின் அல்ஜீரியாவை எழுதுகின்றான்?

கடலைக் கடந்து கலிபோர்னியாவுக்குச் செல்வோம். ஸ்பானியர் 1769 இல் தமது முதலாவது சமயநிலையத்தை அங்கு அமைக்குமுன் வாழ்ந்த ஆதிக்குடிகள் அப்பகுதியின் பெரும்பாகத்தில் உழவுத் தொழில் செய்தவரல்லர். ஓக் மரத்தின் கொட்டைகளைத் திரட்டி, இடித்து, நீரிலே கசப்பைப் போக்கி உண்டனர். பற்றைகளைப் பருவமறிந்து எரித்துக் காட்டைப் பேணினர். வட அமெரிக்காவில் மெக்சிக்கோவுக்கு வடக்கே மக்கள் நெருங்கி வாழ்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1848 இற் பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர் அவர்களுக்கு நேர்ந்த அழிவைப் பாடநூல்கள் ஒரு வரியிலுங் கூறுவதில்லை. அதன்பின் கோதுமை வந்தது. பின்னர்ப் பழம் வந்தது. றிவர்சைட் என்னும் ஊரில் 1873 இல் நடப்பட்ட இரண்டு தோடைக் கன்றுகளிலிருந்து விதையற்ற தோடைத் தொழில் பெருகிற்று. அக்கன்றுகள் பிரேசிலின் பகியாவிலிருந்து வாஷிங்டன் நகருக்கு வந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டவை. பிரேசிலுக்கு அவ்வினத்தைக் கொண்டுசென்றவர் போர்த்துக்கேயர். அவர்க்கு அது கிடைத்தது ஆசியாவின் வழியே. எத்தனை பிரதேசங்களைக் கடந்து வந்து 'மத்தியதரைக் கடற் பழம்' என்னும் பட்டத்தைப் பெற்றது பாருங்கள்.

வந்த பழத்துக்கு நீர் எங்கே? கோடையில் மழையில்லை என்று அட்டவணையே கூறுகின்றது. பழமரமோ கோடையிலேதான் நீர் கேட்கும். 20 ஆம் நூற்றாண்டிலே வடக்கின் ஆறுகளை மறித்து நூற்றுக்கணக்கான மைல் தெற்கே கால்வாய்களாற் கொண்டுசென்றனர். நிலத்தடி நீரையும் இறைத்தனர். இறைத்த இறைப்பிலே, நடுப் பள்ளத்தாக்கில் மென்டோட்டா என்னும் ஊர்ப்புறத்தில் நிலம் 1925 இற்கும் 1977 இற்கும் இடையே ஏறக்குறைய 9 மீற்றர் தாழ்ந்தது. பனையின் பாதி உயரம்! இன்று உலகின் வாதுமைக் கொட்டையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அப்பள்ளத்தாக்கிலிருந்து வருகின்றது. அதனைப் பறித்தவர் யார்? முதலிற் சீனர், 1882 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் வரவைத் தடுத்தது. பின்னர் யப்பானியர், பிலிப்பைன்சுக்காரர், மெக்சிக்கர். 1942 முதல் 1964 வரை அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி மெக்சிக்கக் கூலியாட்கள் பருவந்தோறும் கொண்டுவரப்பட்டனர். 1965 இல் டெலானோவில் முந்திரிகை பறித்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தந் தொடங்க, மெக்சிக்கத் தொழிலாளர் அவரோடு சேர்ந்தனர். போராட்டம் ஐந்தாண்டு நீடித்தது. 'மக்கள் வாழ்க்கை' என்னும் நிரலிலே 'பழச்செய்கை, பழம் டின்னில் அடைத்தல்' என்றெழுதி முடித்துவிடுகின்றோம். பழத்துக்கு ஒரு நிரல் உண்டு. பறித்தவனுக்கு ஒரு சொல் இல்லை.

சிலியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறின் போதும். அங்கே வினா நீரின் உடைமை பற்றியது. 1981 ஆம் ஆண்டு இராணுவ ஆட்சியினர் இயற்றிய நீர்ச் சட்டம், நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்றுவாங்கத்தக்க தனியுடைமை ஆக்கியது. பெற்றோர்க்கா என்னும் பகுதியில் ஏற்றுமதிக்குரிய வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் மலைச்சரிவெங்கும் பசுமையாய் நிற்க, கீழேயுள்ள கிராமத்தார் குடிநீருக்குத் தாங்கி வண்டியை எதிர்பார்த்து நின்றனர். 2010 முதல் தொடர்ந்த நெடிய வரட்சி இதனைக் கடுமையாக்கியது உண்மை. ஆயின் ஒரே வரட்சியில் மேட்டில் பச்சையும் பள்ளத்தில் வெறுங்குடமும் இருத்தற்கு வானம் பொறுப்பன்று.

இதுகாறுங் கூறியவற்றைக் கொண்டு, காலநிலைக்கு வலியே இல்லை, மனிதன் எதனையுஞ் செய்யவல்லவன் என்று யான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. விடால் டி லா பிளாஷ் வழிவந்த பிரெஞ்சுப் புவியியலார், இயற்கை வாய்ப்புக்களைத் தருகின்றது, மனிதன் தெரிந்தெடுக்கின்றான் என்றனர். அது அழகிய கொள்கை. எனினும் சிலர் கையில் அது மனிதனின் புகழ்மாலையாய் முடிந்துவிடுகின்றது. அதற்கு மறுப்பாக இரு சான்றுகள் போதும்.

ஒன்று தென்னாபிரிக்கா. வடக்கிலிருந்து பல நூற்றாண்டுகளாகப் பரவிவந்த பாண்டு மொழியினரான உழவர், தென்மேற்கு மூலைக்குள் நுழையாது நின்றுவிட்டனர். அவர்களுடைய இறுங்கும் தினை வகைகளும் கோடைமழைப் பயிர்கள். மாரிமழை நிலத்தில் அவை விளையா. ஆதலின் அம்மூலையில் மந்தை மேய்த்த கொய்கொய் மக்களே வாழ்ந்தனர். 1652 இல் ஒல்லாந்தக் கம்பனியார் கீழைத்தேசம் செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் வழங்குதற்கு அங்கே நிலையம் அமைத்தபொழுது, மாரிமழையில் விளையுங் கோதுமையும் முந்திரிகையும் அவர்கள் கையில் இருந்தன. எதிரே உழவர் குடி இல்லை. அந்நாட்டின் பிற்கால வரலாற்றுக்கு இது சிறிய காரணமன்று. காலநிலை இங்கே வலிதாகவே தொழிற்பட்டது. ஆயின் எதன் வழியாக? பயிரின் வழியாக, மனிதரின் குணத்தின் வழியாக அன்று. அத்தோட்டங்களில் உழைத்தற்கு மடகஸ்கார், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா, நம் இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர். கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் அடிமைமுறை ஒழிந்து நூறாண்டு கடந்த பின்னும் அங்கு நின்றது. அதனால் விளைந்த குடிநோய் கருவிலிருக்கும் சிசுக்களையும் தாக்கியது. இதுவும் 'முந்திரிகைச் செய்கை'யின் பகுதிதான்.

மற்றொன்று தென்மேற்கு அவுஸ்திரேலியா. அங்குள்ள நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுப்பர்: பிராக், புனுரு, ஜெரன், மகுரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர் என ஆறு பெரும்பொழுது வகுத்த தமிழ்ப் புலவரை இவர்கள் சந்தித்திருப்பின் நெடுநேரம் உரையாடியிருப்பர். 1829 இற் குடியேறிய பிரித்தானியர் ஐரோப்பாவின் நான்கு பருவங்களோடு வந்தனர். பாடநூலார் அதனை மாரி, கோடை என இரண்டாகக் குறைத்துவிட்டனர். குடியேறியோர் காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தனர். ஆழ வேரோடிய மரஞ்செடிகள் மழைநீரை உறிஞ்சி ஆவியாக்கிக் கொண்டிருந்தன. அவை போனபின், ஆழமற்ற வேருடைய கோதுமையால் அவ்வேலையைச் செய்ய இயலவில்லை. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. கடற்காற்றோடும் மழையோடும் வந்து பல்லாயிரம் ஆண்டுகளாக அடிமண்ணிலே தங்கியிருந்த உப்பும் அதனோடு எழுந்தது. டபிள்யு. ஈ. வூட் என்னும் புகையிரதப் பொறியியலாளர் ஒருவர், கொதிகலங்களுக்கு எடுத்த நீர் ஏன் உப்பாகின்றது என்று ஆராய்ந்து, காடழிப்பே காரணம் என்று 1924 இலேயே எழுதிவிட்டார். புவியியலாருக்கு முன்னரே புகையிரதத்தார் கண்டுகொண்டனர். அதன்பின்னும் பல பத்தாண்டுகள் காடு வெட்டப்பட்டது. இன்று 10 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் உவராய்க் கிடக்கின்றது. வாய்ப்பைத் தெரிந்தெடுத்த மனிதன், தெரிந்ததற்கு விலையுங் கொடுக்கின்றான்.

இந்த ஐந்து நிலங்களும் ஒன்றுக்கொன்று மரங்களையுங் கொடுத்து வாங்கியுள்ளன. கலிபோர்னியாக் கரையின் மொன்டெரி பைன் சிலியில் இலட்சக்கணக்கான ஹெக்டேயரில் நடப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் போர்த்துக்கலில் மிகப் பரந்த காட்டுமரமாகிவிட்டது. அவுஸ்திரேலிய வேல வகைகள் தென்னாபிரிக்கப் பைன்போஸை விழுங்கி ஆற்றுநீரையும் குடித்துவிடுவதால், அவற்றை வெட்டி அகற்றுதற்கு 1995 இல் அந்நாட்டரசு தனியொரு திட்டமே தொடங்கியது. ஆதலின் அட்டவணையில் 'இயற்கைத் தாவரம்' என்னும் மூன்றாம் நிரலையும் இனி ஐயத்தோடேயே நிரப்பல் வேண்டும். கோடை வரட்சியில் இக்காடுகள் தீப்பற்றுதல் பழமையான இயல்பு. பல செடிகளின் விதை தீயின்றி முளைக்காது. ஆயின் 2017 இற் போர்த்துக்கலின் பெத்ரோகாவோ கிராண்டேயில் 60 இற்கு மேற்பட்டோரும், 2018 இற் கிரேக்கத்தின் மாத்தியில் 100 இற்கு மேற்பட்டோரும், அதே ஆண்டு கலிபோர்னியாவின் பரடைஸ் என்னும் ஊரையழித்த தீயில் 85 பேரும், 2024 இற் சிலியின் வல்பரைசோப் பகுதியில் 130 இற்கு மேற்பட்டோரும் மாண்டமைக்குக் காலநிலை என்னும் ஒரு சொல் விடையாகாது. வெப்பமேறும் வானிலை ஒருபுறம். எண்ணெய் கசியும் அயல்மரத் தோப்பு, இளைஞர் நீங்கிய கிராமம், காட்டின் ஓரம்வரை கட்டிய வீடு, தப்பியோட ஒரே தெரு என்பன மறுபுறம். முதன்மையான வினாக்கள் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன.

இனி ஈற்று நிரல். அதுவே என்னை மிகவுங் கவலைப்படுத்துவது. பழைய நூல்களிலே மத்தியதரைக் கடற் கரையினர் களிப்பு மிக்கவர், வெயிலில் ஓய்ந்திருக்க விரும்புபவர் என்பது போன்ற வாக்கியங்கள் கூச்சமின்றி வரும். அதே ஏட்டில் அயனமண்டலத்தார் சோம்பர் என்று வரும். வடமேல் ஐரோப்பியர் ஊக்கமுடையார் என்று வரும். எழுதியவர் எந்த மண்டலத்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யேல் பல்கலைக்கழகத்து எல்ஸ்வேர்த் ஹண்டிங்டன் 1915 இல் வெளியிட்ட 'நாகரிகமுங் காலநிலையும்' என்னும் நூலில் உலக மக்களின் நாகரிக நிலைக்கு ஒரு படமே வரைந்தார். அதற்குரிய புள்ளிகளை அவர் பெற்றது அறிஞர் பலருக்குக் கடிதமெழுதி. அவ்வறிஞருட் பெரும்பாலோர் மேலைநாட்டார். அவர்கள் தங்கள் நாட்டுக்கு நிறையப் புள்ளி இட்டனர். தம் விடைத்தாளைத் தாமே திருத்தினாற் புள்ளி குறையுமோ?

தெற்கு இத்தாலியரின் 'மந்தம்' வெயிலால் வந்ததென்று ஒருகாலத்திற் பலரும் எழுதினர். அப்பகுதியின் தாழ்நிலங்களில் மலேரியா குடிகொண்டிருந்தது. பெருநிலவுடைமையாளரின் வயலிற் கூலி செய்து, காய்ச்சலில் நடுங்கி, கொயினாவுக்கும் வழியற்றிருந்தவனைச் சோம்பன் என்றனர். 1900 முதல் அரசு கொயினாவை மலிவாக வழங்கியது. 1930களிற் பொந்தைன் சதுப்புநிலம் வடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின் நுளம்பு ஒழிப்பு நடந்தது. 1970 இல் இத்தாலி மலேரியா ஒழிந்த நாடென அறிவிக்கப்பட்டது. வெயில் அன்றுபோலவே இன்றும் காய்கின்றது. இங்கே நம் நாட்டையும் எண்ணாமல் இருக்கமுடியவில்லை. நமது வரண்ட வலயத்தைக் காடும் காய்ச்சலும் நிறைந்த வறுநிலமென்று வருணித்த நூல்களையே நம் தந்தையர் படித்தனர்; அதே வலயத்திலேதான் பழைய குளங்களும் அவற்றைச் சார்ந்த இராசதானிகளும் இருந்தன. 2016 இல் இலங்கையும் மலேரியா ஒழிந்த நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. காலநிலை நிரலில் ஒரு சொல்லும் மாறவில்லை.

ஒரு மாணாக்கன் புவியியற் பாடத்திலே கற்றுக்கொள்வது பழங்களின் பெயரை மட்டுமன்று. வறியவனை வறியவன் ஆக்கியது அவன் வானம் என்று நம்பப் பழகுகின்றான். நீர் யாருடையது, நிலம் யாருடையது என்று கேட்குமுன்னரே அவனுக்கு விடை கிடைத்துவிடுகின்றது. தன் ஊரைப் பற்றியும் அவ்வாறே நம்புவான். பரீட்சைப் புள்ளியை விட இது பெரிய செய்தி.

அட்டவணையைக் கிழித்தெறிய வேண்டுமென்று யான் கூறவில்லை. காலநிலைப் பொறிமுறையைக் கற்பித்தற்கு அதனிலும் நல்ல கருவி கிடையாது; முதலிரு நிரல்களையும் இன்றும் அப்படியே எழுதுகின்றேன். அதன்மேல் நிறுத்திவிட்டு, வலப்பக்கத்துத் தலைப்புக்களை மாற்றியுள்ளேன்: எங்கிருந்து வந்தது? எப்போது? யார் கொணர்ந்தார்? எவர் நிலம், எவர் நீர், எவர் கை? எங்கே போகின்றது? பாடவேளை இதற்குப் போதாதென்று சக ஆசிரியர் சிலர் கூறுகின்றனர். அவர்கள் கூற்று மெய்யே. ஒரு தவணையில் மூன்று பிரதேசங்களுக்கு மேல் முடிக்க எனக்கும் இயலவில்லை.

முந்திரிகைப் பந்தல் பற்றிக் கேட்ட மாணவனை மறுவாரம் அழைத்து, அவன் வீட்டுக் கொடியைப் பற்றி அதே தலைப்புக்களின் கீழ் எழுதிவரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். தடியைப் பாட்டனார் உரும்பிராயிலிருந்து கொண்டுவந்து நட்டாராம். கிணற்று நீர், முன்னர்த் துலா, இப்போது மின்பம்பி. குளிர் இல்லாமையாற் கொடி தானாக இலையுதிர்த்து உறங்குவதில்லை; ஆண்டுக்கு இருமுறை தகப்பனார் கத்தரித்துவிட, அதன்பின்னரே பூக்குமாம். பழம் கொழும்புக்குப் போகும். விலையைக் கொழும்பு வியாபாரியே சொல்லுவாராம். 'காலநிலை' என்னும் தலைப்பின் கீழ் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "இங்கே மாரிக்குப் பதிலாக அப்பாவின் கத்தி."